பழைய மாதிரிக் கோச்சிப் பெட்டிகள்: முதலில் சில்லு, பிறகு கொழுக்கி

பெரியப்பா கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ரொறன்ரோவில் பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய ஆறு மாதிரிக் கோச்சிச் சரக்குப் பெட்டிகளை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1970களில் செய்யப்பட்ட அவை, இயந்திரம் முன்னின்று இழுத்தபோது ஒழுங்காக ஓடின. அதே இயந்திரம் பின்னோக்கித் தள்ளியபோது வளைவுக்கு வளைவு தடம் புரண்டன. இழுக்கும்போது தெரியாத பிழை தள்ளும்போது ஏன் தெரிகிறது என்பதற்கான விடை சில்லிலும், பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கொழுக்கியிலும் இருக்கிறது.

இவை எச்.ஓ. அளவின, அதாவது மெய்யான வண்டியின் 87இல் ஒரு பங்கு. இவை ஓடும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதை, உலகில் பரவலாக உள்ள 1435 மில்லிமீற்றர்ப் பாதையின் சுருக்கமாகும். காங்கேசன்துறைக்குப் போகும் எங்கள் பாதையோ 1676 மில்லிமீற்றர் அகலமானது. ஆகவே அதில் ஓடும் யாழ்தேவிக் கோச்சியை இதே அளவில் பிசகின்றிச் செய்ய விரும்புபவர் 19 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய பாதையைத் தாமே அமைக்க வேண்டியிருக்கும்.

சில்லைப் பாதையில் வைத்திருப்பது அதன் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் விளிம்பு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். நேர்ப்பாதையில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சில்லின் கூம்பு வடிவமே. சில்லின் விட்டம் விளிம்பின் பக்கம் சற்றுப் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடச்சில்லு தன் பெரிய விட்டத்திலும் வலச்சில்லு தன் சிறிய விட்டத்திலும் உருளும். இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியிருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் இடச்சில்லு கூடுதலான தூரம் சென்று அச்சை மீண்டும் நடுவை நோக்கித் திருப்பும். மாதிரிப் பாதைகளின் இறுக்கமான வளைவுகளில் இது போதாது. அங்கே விளிம்பு தண்டவாளத்தில் உரசியே தீரும். எனவே விளிம்பின் ஆழத்தைவிட அதன் வடிவமே முக்கியம். அமெரிக்க தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கத்தின் ஆர்.பி.-25 என்னும் பரிந்துரைச் சில்லு வடிவத்தில் விளிம்பின் ஆழம் 0.64 மில்லிமீற்றர் மட்டுமே. ஆனால் விளிம்பும் உருளும் பரப்பும் சேரும் மூலை வழவழப்பான வளைவாக இருப்பதால், சில்லு தண்டவாளத்தில் இடறி ஏறுவதில்லை. பெரியப்பாவின் பெட்டிகளில் இருந்த பிளாஸ்ரிக் சில்லுகளுக்கு ஆழமான விளிம்பு இருந்தும், அந்த மூலை கூராக இருந்தது.

அவற்றுக்குப் பதிலாகப் பூட்டும் புதிய உலோகச் சில்லுத் தொகுதியின் அச்சு முனைகள் ஊசிபோல் கூரானவை. உராய்வின் எதிர்ப்பு முறுக்கம், உராயும் இடம் அச்சின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊசிமுனையில் அந்தத் தூரம் மிகச் சிறியது என்பதால் பெட்டி இலகுவாக உருளும். இரு தண்டவாளங்களிலும் மின் பாய்வதால், உலோக அச்சில் ஒரு சில்லாவது மின் கடத்தாத காவலியால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிடில் குறுஞ்சுற்று ஏற்படும்.

இனிக் கொழுக்கி. பழைய பெட்டிகளில் இருந்தது கொம்பும் கொக்கியும் கொண்ட வகை. இரண்டு கொழுக்கிகள் சந்திக்கும்போது ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளி விலகிப் பின்பு பிணைவதே அதன் இயல்பு. பிணைந்த பின்பும் தள்ளுவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டிலேயே செல்கிறது. அதிலும் மோசமானது, கொழுக்கி பெட்டியின் உடலில் அல்லாமல், சில்லுகளைத் தாங்கிப் பெட்டியின் அடியில் திரும்பும் சட்டமான போகியில் பூட்டப்பட்டிருந்தமை. இழுக்கும்போது விசை போகியை நேராக்குகிறது. தள்ளும்போது அதே விசை போகியைத் தன் திருகாணியைச் சுற்றித் திருப்பி, விளிம்பைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. ஈர்க்கைப் பிடித்து இழுத்தால் அது நேராக வரும். நுனியில் தள்ளினால் வளையும்.

இதற்கு மாற்றாக இன்று பரவலாக உள்ளது, அமெரிக்கரான ஈலி ஜானி 1873இல் காப்புரிமை பெற்ற, மடக்கிய விரல்கள்போல் ஒன்றையொன்று பற்றும் மெய்யான விரல்மூட்டுக் கொழுக்கியைப் பின்பற்றிய வகை. கேடீ நிறுவனத்தின் கொழுக்கிகள் இதில் பெயர்பெற்றவை. அவற்றின் அடியில் தொங்கும் உருக்குக் கம்பியைப் பாதை நடுவிலுள்ள காந்தம் பக்கவாட்டில் இழுக்கும்போது, மூட்டுகள் திறந்து, கை படாமலே பெட்டிகள் பிரிகின்றன. மெய்யான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து ஒதுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது பேரின்பம் தரும். ஆனால் உருக்கு அச்சுள்ள சில்லுகளை வாங்கினால், அதே காந்தம் அச்சையும் இழுத்துப் பெட்டியைத் தானாக நகர்த்திவிடும். பித்தளை போன்ற காந்தத்துக்கு அகப்படாத அச்சே நல்லது.

சில்லை முதலில் மாற்ற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது உயரத்தின் பொருட்டே. கொழுக்கியின் மையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 9.9 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். சில்லின் விட்டம் மாறினால் அந்த உயரமும் மாறும். புதிய சில்லுகளில் நிறுத்தி அளந்த பிறகே, கொழுக்கி பொருந்தியிருக்கும் சிறு பெட்டகத்தைப் பெட்டித் தரையின் அடியில் திருகாணியால் பூட்ட வேண்டும். பெட்டி தாழ்ந்திருந்தால் போகிக்கு மேல் மெல்லிய வளையம் ஒன்றை இடலாம்.

எடையும் கவனிக்கத்தக்கது. அதே சங்கத்தின் பரிந்துரைப்படி 28 கிராமோடு, நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம் சேர வேண்டும்; எங்கள் ஆறு அங்குலப் பெட்டிக்கு அது ஏறக்குறைய 112 கிராம். குறைந்த எடையை, குருநகரில் வாங்கிய, மீன்வலைக்குக் கட்டும் ஈயத்தைப் பெட்டித் தரையோடு ஒட்டி ஈடுசெய்தோம். ஈயம் தாழ இருப்பதால் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது.

ஐந்து பெட்டிகள் இப்போது பின்னோக்கியும் வளைவுகளைக் கடக்கின்றன. ஆறாவதன் தரை மிக மெல்லியது என்பதால், அதன் புதிய கொழுக்கி இன்னும் போகியிலேயே இருக்கிறது. தள்ளும்போது இயந்திரத்துக்கு அடுத்த பெட்டி எல்லாப் பெட்டிகளின் தடையையும் தாங்க, தொலைவில் உள்ள பெட்டி தன்னுடைய தடையை மட்டுமே தாங்குகிறது. ஆகவே அந்த ஆறாவது பெட்டியை எப்போதும் இயந்திரத்திலிருந்து கடைசியில் கொழுவுகிறோம்.