மகிழ்ச்சிக்கு பாஸ் மார்க் 66: பூடான் போடும் கணக்கு

2019இல் வெளியான உலக மகிழ்ச்சி அறிக்கையில் பூடானுக்கு 95ஆம் இடம். ‘மகிழ்ச்சியின் நாடு என்று பெயர் வாங்கியவர்களுக்கு இந்த இடமா?’ என்று அப்போது பலர் கிண்டலடித்தார்கள். அந்த அறிக்கை அளப்பது ஒன்று, பூடான் தன் மக்களிடம் அளப்பது வேறொன்று. இரண்டிலும் மகிழ்ச்சி என்ற பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது.

உலக அறிக்கையின் தரவரிசை ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில் கேட்கும் கேள்வி அது. 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஏணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சிப்படி, மிக மோசமானது அடிப்படி. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரிதான் நாட்டின் மதிப்பெண். 2018 முதல் அதில் பின்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. வருமானம், ஆயுள், ஊழல் எல்லாவற்றையும் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள் என்று செய்திகளில்கூட எழுதுகிறார்கள். அது தவறு. நாடுகளுக்கு இடையே ஏன் வித்தியாசம் என்று விளக்கத்தான் அவை பயன்படுகின்றன. மதிப்பெண்ணுக்குள் அவை வருவதில்லை.

பூடானின் கணக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1972இல் பதினாறு வயதில் ஆட்சிக்கு வந்தார். மொத்த தேசிய உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சி முக்கியம் என்ற அவருடைய பேச்சு அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது. 2008இல் வந்த அரசியலமைப்பின் ஒன்பதாவது பிரிவிலும் அது ஏறிவிட்டது. ஆனால் முழக்கத்தை வைத்துக்கொண்டு பட்ஜெட் போட முடியாதே. அதை எண்ணாக மாற்றிய வேலை பூடான் ஆய்வு மையத்தின் கர்மா உராவும் ஆக்ஸ்ஃபோர்டின் சபீனா அல்கயரும் சேர்ந்து செய்தது. வறுமையை அளக்க அல்கயரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் உருவாக்கியிருந்த முறையைத் தலைகீழாகத் திருப்பி மகிழ்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள்.

2010 ஆய்வில் 7,142 பேரின் பதில்கள் கணக்கில் சேர்ந்தன. ஒருவரைக் கேட்டு முடிக்கவே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனதாம். பதில் சொன்னவர்களின் பொறுமைக்குத் தனியாக ஒரு குறியீடு வைத்திருக்கலாம்.

கேள்விகள் ஒன்பது துறைகளாகப் பிரிகின்றன: மனநலம், உடல்நலம், நேரப் பயன்பாடு, கல்வி, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, சுற்றுச்சூழல், வாழ்க்கைத் தரம். ஒவ்வொன்றுக்கும் சமமாக ஒன்பதில் ஒரு பங்கு எடை. இவற்றுக்குள் மொத்தம் 33 குறிகாட்டிகள்.

ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ‘இது போதும்’ என்று ஓர் எல்லை உண்டு. தூக்கத்துக்கு எட்டு மணி நேரம். பள்ளிப் படிப்புக்கு ஆறு ஆண்டு. வீட்டில் ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. வருமானத்துக்கு வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கு. பிறருக்குக் கொடுப்பதற்கும் எல்லை இருக்கிறது: ஆண்டுக்கு மூன்று நாள் தன்னார்வ உழைப்பு, அல்லது வருமானத்தில் பத்து சதவீதம். எல்லையைத் தொட்டால் தேறியாயிற்று. பத்தாம் வகுப்பில் 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் பாஸ்தான் என்பதைப் போல, எல்லைக்கு மேலே எவ்வளவு கூடினாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. கோடீஸ்வரரின் கோடிகள் அவருடைய ஐந்து மணி நேரத் தூக்கத்தை ஈடுகட்டாது. சராசரி எடுக்கும் முறையில் ஒருவரின் மிகுதி இன்னொருவரின் குறையை மறைத்துவிடும். இங்கே அதற்கு வழியே இல்லை.

எடைகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு இதன் குணம் பிடிபட்டது. நேரப் பயன்பாட்டில் வேலை, தூக்கம் என்று இரண்டே குறிகாட்டிகள். அதனால் தூக்கத்தின் எடை பதினெட்டில் ஒரு பங்கு, அதாவது 5.6 சதவீதம். வருமானம் வாழ்க்கைத் தரத்தில் மூன்றில் ஒன்று. அதன் எடை 3.7 சதவீதம். ஆக, தூக்கம் பணத்தைவிடக் கனமானது! ‘வாழ்க்கை திருப்தியா?’ என்பதற்கான பதிலுக்குக்கூட நான்கு சதவீதத்துக்குக் கீழேதான். உலக அறிக்கை முழுவதையும் தாங்கும் கேள்வியின் ஒன்றுவிட்ட தம்பி இங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, இனி கூட்டல். ஒருவர் தேறிய குறிகாட்டிகளின் எடை மொத்தம் 66 சதவீதத்தைத் தொட்டால் அவர் மகிழ்ச்சியானவர். தொடாதவர்களை ‘இன்னும் மகிழ்ச்சி எட்டாதவர்கள்’ என்று நாசூக்காக அழைக்கிறார்கள். 2010இல் அப்படி 59.1 சதவீதம் பேர். அவர்களுக்குச் சராசரியாக 43.4 சதவீத எடையில் குறை இருந்தது. இரண்டையும் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.743. அதுதான் அந்த ஆண்டின் குறியீடு. 2015இல் 0.756 ஆனது, 2022இல் 0.781.

ஏன் பெருக்க வேண்டும்? தலைகளை மட்டும் எண்ணினால், 64இல் இருப்பவர்களை 66க்குத் தள்ளிவிட்டு அரசு வெற்றி கொண்டாடலாம். பெருக்கும்போது, 30இல் கிடப்பவர் 40க்கு வந்தாலும் குறியீடு ஏறும். ஏற்கெனவே 66ஐத் தாண்டியவருக்கு என்ன செய்தாலும் ஏறாது. பின்தங்கியவர்கள் பக்கமே அரசின் கண்ணைத் திருப்பும் ஏற்பாடு இது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் வேலை நேரத்தில் சேர்வதால், பெண்களின் நாள் எவ்வளவு நீளம் என்பதும் வெளியே வந்துவிடுகிறது. 2010, 2015 இரண்டு ஆய்வுகளிலும் ஆண்களே கூடுதலாகத் தேறினார்கள்.

பிடிக்காத பகுதியும் உண்டு. ‘போதும்’ எவ்வளவு என்று கணிதம் சொல்வதில்லை; யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பண்பாட்டுத் துறையில் ‘திரிக்லாம் நம்ஷா’ என்று ஒரு குறிகாட்டி இருக்கிறது. உடை, நடத்தை, மரியாதை பற்றிய பூடானின் மரபொழுக்கம் அது. 1980களின் இறுதியில் அரசு இதே ஒழுக்கத்தையும் தேசிய உடையையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. தெற்கே வாழ்ந்த நேப்பாளி மொழி பேசும் லோத்சம்பா மக்களுக்கு அது யாரோ ஒருவருடைய பண்பாடு. எதிர்ப்பும் ஒடுக்குமுறையும் தொடர்ந்தன, குடியுரிமைகள் பறிபோயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கு நேப்பாளத்தின் அகதி முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டார்கள். 2010இல் கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போனபோது அவர்கள் அந்த வீடுகளில் இல்லை. நாட்டுக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணும் எந்தக் குறியீட்டிலும் துரத்தப்பட்டவர்களின் துயரம் பதிவாகாது. அண்மை ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கவும் வேலை தேடியும் போகும் இளைஞர்களும் இப்படியே கணக்கிலிருந்து நழுவுகிறார்கள்.

இந்த முறையின் இன்னொரு பயன்பாடு வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிய கொள்கைகளை 22 அம்சங்களில் சோதிக்கும் ஒரு சல்லடையைப் பூடான் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்: கெடுதல் என்றால் 1, தெரியவில்லை என்றால் 2, பாதிப்பில்லை என்றால் 3, நன்மை என்றால் 4. எல்லாவற்றிலும் ‘பாதிப்பில்லை’ வாங்கினால் 66 வருமல்லவா, அதற்குக் கீழே போனால் கொள்கை திரும்பிப் போகும். உலக வர்த்தக அமைப்பில் சேரலாமா என்ற கேள்வியை இதில் போட்டுப் பார்த்தபோது, முதலில் சேரலாம் என்றிருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் மனம் மாறினார்கள். ‘தெரியவில்லை’ என்பதற்கு ‘பாதிப்பில்லை’யைவிடக் குறைந்த மதிப்பெண் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். விளைவு தெரியாத திட்டத்தைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து உள்ளே விடாமல், நிரூபித்துவிட்டு வா என்று வாசலிலேயே நிறுத்துகிறது இந்தச் சல்லடை.