பரிசு காட்டினால் ஆர்வம் ஏன் குறைகிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 51 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1973-ல் வெளியானது. எல்லோருக்கும் மூன்று முதல் ஐந்து வயது. ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவது எல்லோருக்கும் ஏற்கெனவே பிடிக்கும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு அதே சான்றிதழை, வரைந்து முடித்த பிறகு, சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை.

ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, விளையாட்டு நேரத்தில் யார் தாமாக எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு ஒன்றும் பெறாதவர்கள் அந்த நேரத்தில் 16.7 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்கள் 18.1 சதவீதம். "வரைந்தால் தருவோம்" என்று கேட்டிருந்தவர்களோ 8.6 சதவீதம்தான்.

முதல் இரண்டு குழுக்களும் வாங்கிய சான்றிதழ் ஒன்றுதான். ஆர்வத்தைக் குறைத்தது "செய்தால் தருவேன்" என்ற முன்பேச்சு. பிடித்துச் செய்த வேலை, சான்றிதழுக்காகச் செய்கிற வேலையாகக் குழந்தையின் மனதில் இடம் மாறிவிடுகிறது. சான்றிதழ் முடிந்ததும் வரையக் காரணம் இல்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு இதை மூன்று மனத் தேவைகளால் விளக்குகிறது. இதை நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு முதலாவது. என்னால் முடிகிறது, நாளுக்கு நாள் தேறுகிறேன் என்ற உணர்வு இரண்டாவது. நான் இவர்களுக்கு வேண்டியவன் என்ற உணர்வு மூன்றாவது. வகுப்பறை, மைதானம், வீடு எதுவானாலும் இந்த மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஊக்கம் உள்ளிருந்து வருகிறது. முன்கூட்டிப் பேசிய பரிசு முதல் தேவையில்தான் கை வைக்கிறது.

இதைக் கேட்டுவிட்டுப் பாராட்டையும் நிறுத்திவிடக் கூடாது. 128 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1999-ல் டெசி, கோஸ்ட்னர், ரயன் அலசியபோது, ஒரு வேலையைச் செய்தால், முடித்தால் அல்லது நன்றாகச் செய்தால் கிடைக்கும் என்று சொல்லி வைத்த பொருளும் பணமும்தான் ஆர்வத்தைக் குறைத்தன. எதிர்பாராத பரிசு குறைக்கவில்லை. வேலை எப்படி இருந்தது என்று சொல்லும் நல்ல வார்த்தை, கல்லூரி மாணவர்களிடம் ஆர்வத்தைக் கூட்டவே செய்தது. முதலிலிருந்தே சலிப்பான வேலையில் குறைவதற்கு ஆர்வமே இல்லை; அங்கே பரிசால் பெரிய கெடுதல் இல்லை.

ஆனால் வாய்ப்பாடும் கையெழுத்துப் பயிற்சியும் சலிப்பான வேலைகள்தானே, அவற்றை எப்படிச் செய்ய வைப்பது? 1994-ல் டெசி குழுவினர் இதையே சோதித்தார்கள். கணினித் திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதில் மூன்று விஷயங்களைச் சேர்த்தும் விட்டும் பார்த்தார்கள்: எதற்காக இந்த வேலை என்ற காரணம், இது சலிப்பாக இருக்கும் என்ற ஒப்புதல், கட்டளை தொனிக்காத பேச்சு. இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் ஆட்கள் வேலையைத் தமதாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கும் குறைந்தால், செய்தவர்களும் மனதுக்குள் ஒரு நெருக்கடியோடுதான் செய்தார்கள்.

வீட்டுப் பேச்சில் இது இப்படி வரும்: "பதிமூணாம் வாய்ப்பாடு போரடிக்கும்தான். ஆனா இது மனசுல இருந்தா வகுத்தல் கணக்குல பாதி நேரம் மிச்சம். சாப்பிடறதுக்கு முன்னாடி பண்றியா, அப்புறமா?" ஒப்புதல், காரணம், கட்டளைக்குப் பதில் ஒரு தேர்வு, மூன்றும் இதில் இருக்கின்றன. செய்வதா வேண்டாமா என்பது பேச்சிலேயே இல்லை என்பதையும் கவனியுங்கள். பிள்ளையின் விருப்பத்தை மதிப்பதென்றால் அதை அதன் போக்கில் விட்டுவிடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எல்லைக்குள் தேர்வு உண்மையாக இருக்க வேண்டும். "படிக்கிறியா, அடி வாங்குறியா" என்பது தேர்வில் சேராது.

விளையாட்டில் பெரும்பாலும் அடிபடுவது இரண்டாவது தேவை, அதாவது என்னால் முடிகிறது என்ற உணர்வு. வாலிபால் சர்வீஸ் வலையில் இடிக்கிறது. "எத்தனை தடவை சொல்றது!" என்று பயிற்சியாளர் கத்தினால், தவறு நடந்தது தெரியும், எங்கே நடந்தது என்பது தெரியாது. "பந்தை ரொம்ப முன்னாடி தூக்கிப் போடுற, அது கீழே இறங்கினப்புறம் கை படுது. அடுத்த அஞ்சு சர்வீஸ்ல தூக்கிப் போடறதை மட்டும் பாரு" என்றால் கையில் பிடிக்க ஏதோ கிடைக்கிறது. ஒரு முறைக்கு ஒரு திருத்தம் போதும். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் எதிலும் கவனம் நிற்காது. இன்றைய பயிற்சிகளில் எதை முதலில் எடுப்பது என்பதை அணியிடமே விட்டால் முதல் தேவைக்கும் இடம் கிடைக்கிறது.

நான் இவர்களுக்கு வேண்டியவன் என்ற மூன்றாவது தேவையை நல்ல பெற்றோரே அறியாமல் காயப்படுத்துகிறார்கள். மார்க் குறைந்த அன்று பேசாமல் இருப்பது, தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு முகம் கொடுக்காமல் இருப்பது. அன்புக்கு இப்படி நிபந்தனை வைப்பதை அசோர், ரோத், டெசி மூவரும் 2004-ல் ஆராய்ந்தார்கள். அப்படி வளர்ந்ததாகச் சொன்ன மாணவர்கள் பெற்றோர் எதிர்பார்த்ததைச் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் ஜெயித்த மகிழ்ச்சி சீக்கிரம் வடிந்தது, தோற்றால் அவமானம் மிஞ்சியது, பெற்றோர் மேல் மனக்கசப்பும் இருந்தது. மேலுக்குப் பலன் தெரிவதால்தான் இந்த வழக்கத்தைக் கைவிடுவது கடினம்.

"எண்பது வாங்கினா சைக்கிள்" என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். மீறினால் நம்பிக்கை போகும். அடுத்த சைக்கிளை மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள், பள்ளிக்குப் போக வேண்டியிருந்தால் அதற்காகவே வாங்கிக் கொடுங்கள். மார்க் வந்த அன்று விடைத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இழந்த மார்க்கை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் கவனக்குறைவில் போனது, நேரம் போதாமல் விட்டது. பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும். எந்தப் பிரிவில் கூட்டுத்தொகை அதிகம் என்று தெரிந்ததும், அடுத்த மாதம் எதில் உழைக்கலாம் என்று கேளுங்கள்.