பகா எண்ணாகத் தோற்றமளித்த 4,29,49,67,297

4,29,49,67,297 என்ற எண்ணை 2, 3, 5, 7 எனப் பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், முதல் 115 பகா எண்களுக்கும் மீதி வந்துகொண்டே இருக்கும். அதற்குள் பலரும் இதைப் பகா எண் என்றே முடிவுகட்டிவிடுவார்கள். அப்படி நினைத்தவர்களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் ட ஃபெர்மாவும் ஒருவர்.

2-இன் 32ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் இந்த எண் கிடைக்கிறது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட ஃபெர்மா, இவ்வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தாம் என்று 1640-இல் கருதினார். ஆறாவது எண்ணிலேயே அக்கருத்து பொய்த்தது. 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் இதனை 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார். இவ்விரு காரணிகளும் பகா எண்களே.

641 வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே காணலாம். 640 என்பது 5 × 128, அதாவது 5-ஐ 2-இன் 7ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை. 641-ஆல் வகுக்கையில் 640-இன் மீதியை −1 என்று கொள்ளலாம். ஆகவே அதன் நான்காம் அடுக்கின் மீதி 1. அந்த நான்காம் அடுக்கு என்பது 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். 641 = 625 + 16 என்பதால் 625-க்குப் பதிலாக −16-ஐ வைத்துக்கொள்ளலாம்; 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு ஆகையால், 2-இன் 32ஆம் அடுக்கை −1-ஆல் பெருக்கினால் மீதி 1; எனவே 2-இன் 32ஆம் அடுக்கின் மீதி −1 என்றாகிறது. அதனோடு 1-ஐக் கூட்டினால் மீதி பூஜ்யம்.

641-ஐத் தேடிப் பிடிப்பதும் கடினமன்று. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருந்தாக வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. இந்த விதிக்கு அடிப்படை ஃபெர்மாவின் சிறிய தேற்றம்தான் என்பதுதான் வேடிக்கை.

அந்தத் தேற்றத்தின்படி, ஓர் எண் 2-ஐவிடப் பெரிய பகா எண் என்றால், அதைவிட 1 குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணால் வகுக்கையில் மீதி 1 வரவேண்டும். நம் எண் பகு எண்ணாக இருந்தும் இச்சோதனையில் தேறிவிடுகிறது. இதனால் வகுக்கையில் 2-இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1, 64ஆம் அடுக்குக்கு மீதி 1. சோதனை கேட்கும் அடுக்கோ நம் எண்ணைவிட 1 குறைந்தது, அதாவது 2-இன் 32ஆம் அடுக்கு; அது 64-இன் மடங்கு. எண்ணின் அமைப்பிலேயே 2 ஊறிக்கிடப்பதால், 2-ஐக் கொண்டு அதைச் சோதிப்பதில் பயனில்லை.

அத்தேற்றம் 3-க்கும் பொருந்தும் என்பதால், 2-க்குப் பதிலாக 3-ஐ எடுத்து, 32 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால், இறுதியில் 1-க்கு மாறாக 3,02,90,26,160 வந்து நிற்கிறது. காரணி ஒன்றுகூடத் தெரியாமலேயே இது பகு எண் என்பது அங்கே உறுதியாகிவிடுகிறது.