ராத்திரியில் மட்டும் கேட்கும் ஆறு

ராத்திரியில் மட்டும் ஆற்றின் சத்தம் பெரிதாகக் கேட்பது ஏன் என்று அல்சூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு கர்நாடகத்து மலைப்பகுதியான குதிரேமுக் பக்கம் தங்கப் போனாராம். பகலில் இருக்கிற இடமே தெரியாத பத்ரா ஆறு, பின்னிரவில் ஜன்னலுக்கு வெளியே ஓடுவதுபோல் இரைந்ததாம். கூட வந்த மாமியார் பிள்ளைகளுக்கு விபூதி பூசிவிட்டுத்தான் மறுபடி படுத்தாராம்.

ஊரடங்கியது ஒரு காரணம். சுவாரஸ்யமான காரணம் காற்றின் சூடு.

20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் 0.6 மீட்டர் கூடும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொசுறுதான் வேலையைக் காட்டுகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர். ஒலியலையின் கீழ்ப்பகுதி முந்துகிறது, மேல்பகுதி பின்தங்குகிறது. தேரில் ஒரு பக்க வடத்தை மட்டும் வேகமாக இழுத்தால் தேர் மறுபக்கம் திரும்பிவிடுமே, அதே கதை. அலை குளிர்ந்த பக்கமாக, அதாவது வானத்தைப் பார்த்து வளைகிறது. ஆற்றின் இரைச்சல் நம் தலைக்கு மேலே போய்விடுகிறது.

மேகமில்லாத இரவில் எல்லாம் தலைகீழ். தரை சீக்கிரம் ஆறும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, இறங்கி, பள்ளத்தாக்கில் தேங்கும். இப்போது மேலே சூடு, கீழே குளிர். மேலே கிளம்பிய ஒலியும் வளைந்து தரைக்கு வரும், பட்டு எழும்பும், மறுபடி வளையும். இப்படியே பள்ளத்தாக்கு நெடுகப் போகும். வெயில் ஏறினால் இந்தக் காற்றடுக்கு கலைந்துவிடும்.

காட்டின் ஒலியைப் பதிவு செய்பவர்களுக்கு இது தலைவலி. மரத்தில் கட்டிய ரெக்கார்டரில் விடியற்காலையில் நிறையப் பறவைகள் கேட்டால், அப்போது நிறையப் பறவைகள் பாடின என்று பொருளா, இல்லை தூரத்துப் பறவையும் சேர்ந்து விழுந்ததா? பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டராவது வேண்டும், முடிந்தால் தரையில் ஒன்று, மரத்தின் உயரத்தில் ஒன்று.

நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் இதே குதிரேமுக் காட்டில் சில்வண்டுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த வண்டு எந்தச் சுருதியில், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கத்துகிறது என்று இருட்டில் தேடுகிற வேலை. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் இதற்கும் கொஞ்சம் தட்டலாம். ஒரு மலையின் ஒலி மாறுகிறதா என்று சொல்லப் பல வருடப் பதிவு வேண்டும். ஆராய்ச்சிப் பணமோ பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் வருகிறது.