மின்தடை: கரண்ட் போவதா, கரண்டைத் தடுப்பதா?

‘நாளை காலை 9 மணி முதல் மின்தடை’ என்று நாளிதழில் பார்த்தால், முதல் நாளே மாவு அரைத்து வைத்துவிடுகிறோம். அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ‘மின்தடையின் அலகு ஓம்’ என்று படித்துக்கொண்டிருக்கும். சொல் ஒன்று, பொருள் வேறு. முதலாவது கரண்ட் இல்லாமல் போவது. இரண்டாவது, கரண்ட் ஓடும்போதே கம்பி அதற்குக் கொடுக்கும் தடங்கல். எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ரெசிஸ்டன்ஸ்.

ரெசிஸ்டன்ஸ் என்பதன் வேர், எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. தமிழில் ‘தடு’விலிருந்து தடை, எடு எடையானதுபோல, விடு விடையானதுபோல. பழைய உரையாசிரியர்களிடம் ‘தடைவிடை’ என்ற வழக்கு உண்டு. எழுப்பும் மறுப்பு தடை, அதற்குச் சொல்லும் பதில் விடை. தடை வந்ததால் அங்கே பேச்சு நின்றுவிடுவதில்லை. தெருவில் இருக்கும் வேகத்தடையும் அப்படித்தான்: வண்டியை நிறுத்தாது, மெதுவாக ஏறி இறங்க வைக்கும். ரெசிஸ்டன்ஸின் வேலையும் இதுதான் என்பதால், மின்தடை அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. கரண்ட் போவதைச் சொல்ல மின்வெட்டு இருக்கிறது, இலங்கையில் மின்துண்டிப்பும் இருக்கிறது. அந்த வேலையை அவற்றிடமே விட்டுவிடலாம்.

ஓம் என்பது ஆளின் பெயர். ஜெர்மனியின் கியோர்க் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில்தான் மின்தடைக் கணக்கு விரிவாக வந்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன். வீட்டு அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது 4.35 ஆம்பியர் இழுத்தால், வகுக்கும்போது ஏறக்குறைய 53 ஓம், பெருக்கும்போது 1000 வாட். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு இப்படி வருவதுதான்.

இனி, பழைய 60 வாட் குண்டு பல்பு. அதில் ஓடுவது 0.26 ஆம்பியர், மின்தடை சுமார் 880 ஓம் வரும். சரி என்று பல்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டரும் கெடவில்லை, கணக்கும் தப்பில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்கிறது, சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறுகிறது. மீட்டர் அளந்தது ஆறிய இழையை. அதனால்தான் ஓம் விதியை, அதாவது மின்னழுத்தம் ஏறும் அளவுக்கே மின்னோட்டமும் ஏறும் என்பதை, சொல்லும்போது ‘மாறாத வெப்பநிலையில்’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பிள்ளைகள் அந்த இரண்டு வார்த்தையைத்தான் முதலில் மறக்கிறார்கள். அயர்ன் பாக்ஸில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதன் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலவை) கம்பியின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. ஆறிய பிறகு அளந்தாலும் 50 ஓம் பக்கத்தில்தான் நிற்கும்.

அப்புறம், உறவுச் சொற்கள். பவர் என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திறன், இலங்கையில் வலு. இரு ஊர்ப் புத்தகங்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இலங்கையில் ‘தடைத்திறன்’ என்றால் பவர் அல்ல, இங்கே நாம் சொல்லும் மின்தடை எண்; அதாவது கம்பியின் நீளம், தடிமனைச் சாராமல் அந்தப் பொருளுக்கே உரிய ரெசிஸ்டிவிட்டி. சர்க்யூட் போர்டில் வண்ண வளையங்களோடு இருக்கும் ரெசிஸ்டரை இங்கே மின்தடையம், மின்தடையாக்கி என்கிறோம். இலங்கைக்காரர்கள் ‘தடையி’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்: மூன்றே எழுத்து, சால்டரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம்.