சுண்டுவிரல் செய்த வேலை

டான் கிப்சன் எழுதிய 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', அமெரிக்க கன்ட்ரி இசையின் பெயர்பெற்ற அழுகைப் பாட்டுகளில் ஒன்று. 1956இல் ஃபேரன் யங் பாடியது நன்றாக ஓடியது. 1963 பிப்ரவரியில் பேட்ஸி கிளைன் அதைப் பாடிப் பதிவு செய்தார். அடுத்த மாதமே விமான விபத்தில் இறந்துபோனார். 1972இல் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ராய் புகேனன் தன் ஆல்பத்தை இதே பாட்டோடு தொடங்கினார். ஆனால் பாடகர் கிடையாது. பாடும் வேலை முழுக்க அவருடைய 1953 மாடல் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாருக்கு.

உள்ளபடி பார்த்தால், பாடுவதற்குக் கிட்டார் அவ்வளவு தோதான கருவி இல்லை. கம்பியை மீட்டிய கணத்தில் ஒலி உச்சத்தில் இருக்கும், அங்கிருந்து இறக்கம்தான். மனிதக் குரலோ மெல்ல எழும், நடுவில் பெருகும். இன்னொரு சங்கதியும் உண்டு: ஒலியின் முதல் சில நூறில் ஒரு பங்கு நொடியை வைத்துத்தான், இது எந்தக் கருவி என்று நம் காது பெரும்பாலும் கண்டுபிடிக்கிறது. அந்த 'டிங்' என்ற தொடக்கத்தை வெட்டிவிட்டால் கிட்டாரா வயலினா என்று காது தடுமாறும்.

புகேனன் வெட்டியது அதைத்தான். டெலிகாஸ்டரில் ஒலியளவுக் குமிழ், மீட்டும் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. குமிழை மூடி வைத்துக் கம்பியை மீட்டுவார்; உடனே வலக்கைச் சுண்டுவிரலால் அதைத் திருப்பித் திறப்பார். கம்பியின் அதிர்வு உள்ளே குறைந்துகொண்டு வரும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்னழுத்தமோ ஏறும். இறக்கம் ஏற்றமாகிவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, யாரும் திட்டமிடாத ஒரு பக்கவிளைவு. குமிழ் என்பது ஒரு மாறு மின்தடை. பாதி திறந்த நிலையில் அந்த மின்தடையும் கிட்டார் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து உயர் அதிர்வெண்களை வடிகட்டிவிடும். முழுக்கத் திறக்கத் திறக்க அவை திரும்பி வரும். ஆக, ஒலி பெரிதாகும்போதே கூடவே தெளிவும் ஆகிறது. மூடிய வாயில் 'ம்' என்று முனகிக்கொண்டே 'ஆ' என்று திறந்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அதுதான்.

அப்புறம் கம்பியை வளைப்பது. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சுருதியை இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அளவுக்கு ஏற்ற, அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். விரல் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி அதைச் செய்கிறது. மெல்லிய கம்பியிலும் விகிதம் இதேதான். ஆனால் அடிப்படை இழுவிசை குறைவு என்பதால் விரலுக்கு வலி குறைவு. கன்ட்ரி இசையின் பெடல் ஸ்டீல் கிட்டாரில் கால் பெடலும் முழங்கால் நெம்புகோலும் கம்பியின் இழுவிசையை மாற்றுகின்றன, இன்னொரு பெடல் ஒலியளவைப் பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டு வேலையையும் புகேனன் கைவிரல்களிலேயே முடித்துவிட்டார்.

கிட்டாரின் உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகிலுள்ள பிக்கப்பின், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளின், பங்கையும் விட்டுவிடக் கூடாது. கம்பி கட்டுண்ட முனைக்குப் பக்கத்தில் அடிப்படை அதிர்வின் அசைவு சிறியது. அதனால் அங்கே மேல் அதிர்வுகள் தூக்கலாகக் கேட்கும். டெலிகாஸ்டரின் கூர்மை பெருமளவு அங்கிருந்து வருகிறது. சத்தமாக வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் உச்சங்களை நசுக்கிவிடுவதால், கம்பி ஓயும்போதும் ஒலி சட்டென்று சரிந்துவிடாது.

வேகமான சங்கதிகளில் இந்த வித்தை எடுபடாது. ஒவ்வொரு சுரத்துக்கும் குமிழைத் திறந்து மூட நேரம் வேண்டுமே! இப்போது தொடக்கத்தைத் தானாகவே வெட்டித் தரும் எஃபெக்ட் பெடல்கள் கிடைக்கின்றன. வேலை சுத்தம்தான், ஆனால் பெடல் எல்லாச் சுரத்தையும் ஒரே வேகத்தில் திறக்கும். சுண்டுவிரல் அப்படித் திறப்பதில்லை.