"தம்பிக்கா, பாப்பாவுக்கா?"

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ திருவிழாக் கடையில் பொம்மை வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் வயதைக் கேட்க மாட்டார். "தம்பிக்கா, பாப்பாவுக்கா?" என்பார். தம்பிக்கு என்றால் கை ஜேசிபி, கார், துப்பாக்கி பக்கம் போகும். பாப்பாவுக்கு என்றால் சொப்பு சாமானும் சடை பின்னும் பொம்மையும் வரும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எது விற்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வயதுப் பையன் ஜேசிபியைத்தான் கேட்பான், புரண்டு அழுது கேட்பான். அந்த ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

"பிறவியிலேயே அப்படித்தான்" என்று பாட்டி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அட்ரீனல் சுரப்பியில் உள்ள ஒரு பிறவிக் கோளாறால், கருவிலேயே ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோன் அதிகம் படும் பெண் குழந்தைகள் உண்டு. அவர்கள் மற்றப் பெண் குழந்தைகளைவிட வண்டிப் பொம்மைகளில் அதிக நேரம் விளையாடுவதை ஆய்வாளர்கள் ஷெரி பெரன்பாமும் மெலிசா ஹைன்ஸும் 1992இல் காட்டினார்கள். ஆக, உடம்புக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் ஜேசிபிக்கென்று தனி ஹார்மோன் எதுவும் கிடையாது. சின்னச் சாய்வு ஒன்று இருந்தாலும், அது இத்தனை பெரிய பிரிவாக வளர்வது வீட்டிலும் தெருவிலும்தான்.

சரி, வீட்டில் என்ன நடக்கிறது? "நாங்கள் வித்தியாசமே பார்ப்பதில்லை" என்று பெற்றோர் சொன்னால் அது முழுப் பொய் அல்ல. லிட்டன், ராம்னி என்ற இருவர் 172 ஆய்வுகளைச் சேர்த்து 1991இல் அலசினார்கள். பாசம், கண்டிப்பு, பேச்சு எதிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்த வேறுபாடு ஒன்றே ஒன்று: ஆணுக்குரியது, பெண்ணுக்குரியது என்று கருதப்படும் விளையாட்டுகளை ஊக்குவிப்பதில்.

சராசரியில் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. நியூயார்க்கில் 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், சாய்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சறுக்குப் பாதையைக் காட்டி, "உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும்?" என்று கேட்டார்கள். பையனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள். அப்புறம் குழந்தைகளை இறங்கவிட்டுப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இது. தினமும் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் அம்மாவின் கணக்கே இப்படி இருக்கிறது. நம் ஊர் மதகில் பையன் ஏறி நின்றால் "பார்த்துக் குதிடா" என்பதும், தங்கச்சி ஏறினால் "இறங்குடி கீழே" என்பதும் அதே கணக்குதான்.

கலிபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் குடும்பங்கள் பேசுவதைப் பதிவு செய்தார்கள். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி சொன்ன பெற்றோர், அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தை மட்டும் மகன்களுக்கு மூன்று மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். பெண் பிள்ளையை யாரும் தடுக்கவில்லை, மட்டம் தட்டவில்லை. 'ஏன்' மட்டும் வரவில்லை.

இவ்வளவும் பெரியவர்கள் பக்கம். இதைவிட வேடிக்கை குழந்தையின் பக்கம் நடப்பது. 17 முதல் 21 மாதத்துக்குள், அண்ணன், அக்கா, பையன், பொண்ணு என்று வகை பிரித்துச் சொல்லத் தொடங்கும் குழந்தைகளிடம்தான் 'தம்பி பொம்மை, பாப்பா பொம்மை' என்ற பிரிவும் அதிகம் தெரிகிறது. தான் எந்தக் கட்சி என்று தெரிந்ததும், அந்தக் கட்சிக்கு என்ன விதி என்று குழந்தை துப்பறியத் தொடங்கிவிடுகிறது. கரோல் மார்ட்டினும் கூட்டாளிகளும் 1995இல் யாருக்கும் பழக்கமில்லாத பொம்மைகளைச் சிறு பிள்ளைகளிடம் கொடுத்து, சிலவற்றை 'பையன்களுக்குப் பிடித்தது' என்றும் சிலவற்றை 'பெண்களுக்குப் பிடித்தது' என்றும் சொல்லிப் பார்த்தார்கள். எவ்வளவு கவர்ச்சியான பொம்மையானாலும், எதிர்க்கட்சியுடையது என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை குறைந்துவிட்டது.

விதியைக் குழந்தை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, கண்ணால் எடுத்துக்கொள்கிறது. குறுவைக்கு நாற்று நடும்போது வயலில் குனிந்து நிற்பவர்கள் பெண்கள், டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் ஆண். நடவு இயந்திரம் வந்த வயலில் அதே நடவு வேலைதான், ஆனால் ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண். வரப்பில் உட்கார்ந்து பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளை இதிலிருந்து என்ன முடிவுக்கு வரும்?

பிள்ளைத்தமிழில் இந்தப் பிரிவு அழகாகப் பதிவாகியிருக்கிறது. காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவமும் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது: ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அந்தச் சிறுதேர் இன்றும் ஆடிப்பெருக்கன்று டெல்டா ஊர்களில் சப்பரமாக உருள்கிறது. இழுப்பது பெரும்பாலும் பையன்கள். பெண் பிள்ளைகள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளப் படித்துறைக்குப் போய்விடுவார்கள். சிற்றிலைக் கொஞ்சம் கவனியுங்கள். மணலில் வீடு கட்டியவர்கள் சிறுமியர், வந்து சிதைத்தவன் பையன்! இன்று கட்டடக் கட்டைகள் 'தம்பி' பக்கத்தில் இருக்கின்றன. பிரிவு இருந்துகொண்டே இருக்கிறது, உள்ளே இருக்கும் சரக்குதான் இடம் மாறுகிறது.

கட்டைகள் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. 26 முதல் 46 மாதம் வரை வீட்டில் துண்டுப் படங்களைப் பொருத்தி விளையாடிய பிள்ளைகள், நாலரை வயதில் வடிவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பதில் முந்தி நின்றதை சூசன் லெவைன் குழு 2012இல் கண்டது. விருப்பம் பழக்கமாகி, பழக்கம் திறமையாகிறது. பள்ளி வந்ததும் அந்தத் திறமையைப் பார்த்துவிட்டு "பார், பிறவியிலேயே அப்படித்தான்" என்கிறோம்.

பையன்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெண் பிள்ளை கிரிக்கெட் மட்டையைத் தூக்கினால் தாத்தாவே பெருமையாகச் சிரிப்பார். பேரன் சொப்பில் சோறு பொங்கினால் "என்னடா பொம்பளப் புள்ள மாதிரி" என்று அதே வாய் சொல்லும். எல்லை தாண்டும் பையனுக்குத்தான் கெடுபிடி அதிகம். அதிலும் அப்பாக்கள் ஒரு படி மேலே.

ஆறு வயதில் இன்னொரு திருப்பம். 'ரொம்ப ரொம்ப புத்திசாலி' யார் என்று கேட்டால், ஐந்து வயதில் பையன்களும் பெண்களும் ஒரே அளவில் தம் கட்சியைத்தான் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் அப்படிக் காட்டுவது குறைந்தது. புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னவற்றிலிருந்தும் அவர்கள் ஒதுங்கினார்கள். லின் பியான் குழுவின் 2017 ஆய்வு இது. வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குவது பெண்கள்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. வருடா வருடம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாணவிகள் முந்துவதைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணுறது" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

நல்லெண்ணத்தில் சொல்வதும் இதில் சிக்கும். 'கணக்கில் பெண்கள் ஆண்களுக்குச் சமம்' என்ற வாக்கியத்தைப் படித்த பெரியவர்கள், அப்படியானால் இயல்பிலேயே கணக்கு வருவது ஆண்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டதை எலினார் செஸ்ட்நட்டும் எலன் மார்க்மேனும் 2018இல் காட்டினார்கள். யாருக்குச் சமம் என்கிறோமோ அவர் அளவுகோல் ஆகிவிடுகிறார். ஆகவே மகளிடம் "நீயும் பையன் மாதிரி சைக்கிளைப் பிரிச்சு மாட்டுறியே" என்பதைவிட, கழன்ற செயினைக் காட்டி "இது ஏன் கழன்றது தெரியுமா?" என்று பேச்சை ஆரம்பிக்கலாம். பேரன் கோலம் போட்டால் "புள்ளி நேரா வந்திருக்கு" என்றால் போதும்.